பெரியப்பா காருக்கு எந்தப் பல்பு?

போன மார்கழியில் ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் பெரியப்பா போன் செய்தார். "ஏங்கண்ணு, காருல ஒரு பக்கம் லைட்டு எரியறதில்ல. எதப் போடறதுன்னு ஆளுக்கொன்னு சொல்றாங்க. நீ ஒரு எட்டு வந்து பாரு" என்றார். தாராபுரத்துப் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறார். வயது 68. விடிவதற்கு முன்னால் பால் சொசைட்டிக்கு, வாரத்தில் இரண்டு நாள் காங்கேயத்துக்கு, ஒரம்பரை வீட்டில் விசேஷம் என்றால் பொள்ளாச்சி வரைக்கும் கூட அவரே ஓட்டிப் போவார். வண்டி 2011 மாடல் ஆல்டோ.

திருப்பூரில் வேலை பார்க்கும் அவர் மகன் எல்இடி மாட்டச் சொல்லியிருக்கிறான். ஊர் எலக்ட்ரீஷியன் 100/90, அதாவது பிரைட்டில் 100 வாட்டும் டிம்மில் 90 வாட்டும் எரிகிற பல்பு போட்டால் பகல் மாதிரி இருக்கும் என்றிருக்கிறார். சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் மாமா, இருந்ததையே வாங்கி மாட்டினால் போதும் என்றிருக்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரரோ ஹெட்லைட்டையே முழுசாக மாற்றச் சொல்லியிருக்கிறார்.

இந்த நான்கு யோசனைகளையும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிஃப்ளெக்டர் வகை ஹெட்லைட் (பல்பின் ஒளியைப் பின்னால் இருக்கும் வெள்ளிப் பூச்சுக் கிண்ணம் ரோட்டுக்குத் திருப்பி அடிப்பது) உள்ள பழைய கார் என்றால், கம்பெனி சொன்ன அதே வாட்டில் நல்ல ஹாலஜன் பல்பு இரண்டு வாங்கி, வீட்டிலேயே மாட்டி, சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்த்து உயரத்தைச் சரிசெய்வதுதான் நல்லது. மிச்சக் காசும் நேரமும் இருந்தால் அதை லென்ஸுக்கும் வயருக்கும் செலவிட வேண்டும். மாமா சொன்னதுதான் சரி. ஏன் சரி என்பதற்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், பல்புதான் போயிருக்கிறதா?

பெரியப்பா காரில் இருப்பது எச்4 (H4) என்ற வகைப் பல்பு. அதற்குள் இரண்டு இழைகள் உண்டு. டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். நாம் பெரும்பாலும் டிம்மில்தான் ஓட்டுகிறோம், அதனால் அந்த இழைதான் முதலில் அறும். ஒரு பக்கம் டிம் எரியாமல் பிரைட் மட்டும் எரிந்தால் அநேகமாகப் பல்புதான் காரணம். கழற்றிப் பார்த்தால் இழை அறுந்திருப்பது கண்ணுக்கே தெரியும். சில சமயம் கண்ணாடி உள்பக்கம் கறுத்திருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றாகப் போயிருந்தால் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச் என்று தேட வேண்டும். சில கார்களில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி ஃபியூஸ் இருக்கும், அதையும் பார்த்துவிட வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் எரிகிற பக்கத்துப் பல்பைக் கழற்றி எரியாத பக்கம் மாட்டிப் பாருங்கள். அங்கும் எரியவில்லை என்றால் பல்பு வாங்கிப் பிரயோஜனமில்லை.

பெரியப்பா காரில் இழை அறுந்திருந்தது. அதோடு, ஹோல்டரில் ஒரு முனை லேசாகப் பழுப்பேறியும் இருந்தது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

யார் மாற்றுவது?

மூன்று வழி இருக்கிறது. சர்வீஸ் சென்டர், ஊர் எலக்ட்ரீஷியன், நாமே.

சர்வீஸ் சென்டரில் சரியான பல்பு கிடைக்கும், வேலையும் ஒழுங்காக நடக்கும். ஆனால் ஒரு பல்புக்காகத் தாராபுரத்திலிருந்து திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ போய், வண்டியை விட்டுவிட்டுக் காத்திருந்து வாங்கி வருவது ஒரு நாள் வேலை. தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு அது பெரிய செலவு. புதிய கார், உத்தரவாதம் முடியவில்லை, அல்லது பல்பை எடுக்க பம்பரையே கழற்ற வேண்டிய மாடல் என்றால் அங்கே போவதுதான் சரி. முழு எல்இடி ஹெட்லைட்டோடு வருகிற புது மாடல்களில் பலவற்றில் தனியாகப் பல்பே கிடையாது. அது பழுதானால் மொத்த யூனிட்டும்தான் மாற வேண்டும். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை.

எலக்ட்ரீஷியனிடம் போவதில் ஒரு நல்லது உண்டு. நாமக்கல், சங்ககிரி, கரூர் என்று லாரியும் பஸ் பாடியும் பிழைப்பாக இருக்கிற ஊர்களில் வயரிங் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஹோல்டர் உருகிப்போனது, எர்த் விட்டுப்போனது என்றால் அவர்களைப் போலக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. ஆனால் சும்மா பல்பு மாற்றப் போனால், கையிருப்பில் எது இருக்கிறதோ அதை மாட்டிவிடும் பழக்கமும் உண்டு. பல்பின் கண்ணாடியைக் கிரீஸ் கையால் பிடித்து மாட்டியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பல்பு ரொம்ப நாள் உழைக்கவில்லை.

வீட்டில் செய்ய வேண்டும் என்றால் ஆல்டோ, வேகன்ஆர், பழைய ஸ்விஃப்ட் போன்ற எச்4 கார்களுக்கு ஸ்பானர்கூடத் தேவையில்லை. பானெட்டைத் திறந்து 20 நிமிஷத்தில் முடித்துவிடலாம். ஒரு டார்ச், ஒரு சுத்தமான துணி, கை நுழைகிற இடம் இருந்தால் போதும். அதனால் பல்பு மட்டும் போயிருந்தால் நாமே, வயரில் சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியன் என்று பிரித்துக்கொள்ளலாம். வீட்டில் செய்வதில் காசு மிச்சமாவதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. எந்தப் பல்பு உள்ளே போகிறது, எப்படி உட்காருகிறது என்று நம் கண்ணால் பார்க்கிறோம்.

எந்தப் பல்பு?

இங்கேதான் காசும் ஆசையும் கலந்து குழப்பம் வருகிறது. எச்4 பல்பு 1971-இல் வந்தது. 50 வருஷத்துக்கு மேலாகியும் அது இன்னும் புழக்கத்தில் இருப்பதற்குக் காரணம், அதன் உள்ளே இருக்கும் ஒரு சின்ன ஏற்பாடு. டிம் இழைக்கு அடியில் நகம் அளவுக்கு ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும். பழைய பல்பைக் கழற்றினால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், தெரியும். இழையிலிருந்து கீழே போகும் ஒளியை அந்தக் கிண்ணம் மறைத்துவிடும். ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் படுவது மட்டும் கீழ்நோக்கித் திரும்பி ரோட்டில் விழும். அதனால்தான் டிம் போட்டால் சுவரில் ஒரு கோடு போட்டாற்போல மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று பிரிகிறது. அந்தக் கோடும் வலது பக்கம் மட்டமாகவும் இடது பக்கம் சற்று மேலேறியும் இருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். வலது பக்கம் எதிரே வருகிறவர் கண் இருக்கிறது, இடது பக்கம் ரோட்டோரம் நடக்கிறவரும் சைக்கிளும் பெயர்ப்பலகையும் இருக்கின்றன.

ஆக, பல்பும் ரிஃப்ளெக்டரும் பூட்டும் சாவியும் மாதிரி. இழை இருக்க வேண்டிய இடம் ஒரு மில்லிமீட்டருக்குள் கணக்குப் பார்த்து வைத்தது. அந்த இடத்தில் வேறொன்றை வைத்தால் வெளிச்சம் எவ்வளவு கூடினாலும் போய் விழுகிற இடம் மாறிவிடும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சாதாரண 60/55 ஹாலஜன். விலை சில நூறு ரூபாய்தான், எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், நடுராத்திரியில் வழியில் போய்விட்டாலும் மாற்று வாங்க முடியும். லூமன் என்பது ஒளியின் அளவு. பிரைட்டில் 1650 லூமன், டிம்மில் 1000 லூமன் என்பது இதற்கு வகுத்த கணக்கு. பெயர் தெரிந்த கம்பெனியுடையதாக, வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்தும் எண்ணும் பொறித்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். அந்த முத்திரை சர்வதேச அளவுகோலுக்கு உட்பட்டது என்பதற்கு அடையாளம். மிக மலிவாக வருகிற பல்புகளில் இழை கோணலாக இருப்பதுண்டு. வெளிச்சம் இருக்கும், கோடு இருக்காது.

அடுத்தது 'நூறு சதவீதம் கூடுதல்', '130 சதவீதம் கூடுதல்' என்று பெட்டியில் போட்டு வரும் உயர்ரக ஹாலஜன். பிலிப்ஸ், ஆஸ்ராம் இரண்டு பெயரிலும் கிடைக்கும். வாட் அதேதான், அதனால் வயருக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்தச் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மொத்த ஒளிக்கு விதியில் ஒரு வரம்பு இருப்பதால் அதை இரட்டிப்பாக்க யாராலும் முடியாது. இழையை நுணுக்கமாகச் சுற்றி, ரோட்டில் தூரத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெளிச்சத்தைக் குவிக்கிறார்கள். ஒப்பிடுவதும் விதி சொல்லும் குறைந்தபட்ச அளவோடுதான். இருந்தாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், அதில் பொய்யில்லை. ஆனால் இழை அதிகச் சூட்டில் எரிவதால் ஆயுள் குறையும். மாதத்துக்கு இரண்டு மூன்று ராத்திரி மட்டும் தூரம் ஓட்டுகிறவருக்கு இது நல்ல தேர்வு. தினமும் இருட்டில் ஓட்டுகிற பெரியப்பாவுக்கு இது அடிக்கடி வரும் செலவாகிவிடும். நீல நிறம் பூசிய ஹாலஜனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பூச்சு வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. பார்க்க வெள்ளையாகத் தெரியும், ரோடு தெரிவது குறையும்.

100/90 பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் இது ரொம்பச் சகஜம். 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் 8.3 ஆம்பியர் இழுக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 10 ஆம்பியர் போன இடத்தில் கிட்டத்தட்ட 17 ஆம்பியர். வயரில் உண்டாகும் சூடு மின்சாரத்தின் வர்க்கத்தோடு ஏறும். அதாவது மின்சாரம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும்போது சூடு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. கம்பெனி போட்ட மெல்லிய வயரும் பிளாஸ்டிக் ஹோல்டரும் அதற்காகச் செய்தவை இல்லை. முதலில் ஹோல்டர் பழுப்பேறும், அப்புறம் இளகும், ஒரு நாள் கருகல் வாசனை வரும். சூட்டில் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சும் மங்கிப்போகும். மங்கினால் பிறகு எந்தப் பல்பு போட்டாலும் பழைய வெளிச்சம் வராது. கனமான வயர், ரிலே, பீங்கான் ஹோல்டர் எல்லாம் போட்டால் தாங்கும் என்பார்கள். வயர் தாங்கும், சரி. எதிரே டிவிஎஸ்ஸில் புல்லுக்கட்டோடு வருகிறவர் கண் தாங்குமா? டிம்மிலேயே 90 வாட் எரிகிறதே. சாதாரண ரோட்டில் ஓடுகிற காருக்கு இது அனுமதிக்கப்பட்ட பல்பும் இல்லை. பெரியப்பாவுக்கு முதலில் நான் வேண்டாம் என்றது இதைத்தான். ஹோல்டர் பழுப்பேறியிருந்ததைச் சொன்னேனே, விசாரித்தால் இரண்டு வருஷத்துக்கு முன் யாரோ ஒரு பக்கம் 100/90 மாட்டியிருந்தது தெரிய வந்தது.

எல்இடி. இதைப் பற்றி நான் கேள்விப்பட்டதை எழுதவில்லை, பட்டதை எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் என் காருக்கு ஒரு ஜோடி வாங்கி நானே மாட்டினேன். சுவிட்ச் போட்டதும் வாசலெல்லாம் பால் தெளித்தாற்போல வெள்ளையாக இருந்தது. மனசு குளிர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் ராத்திரி உடுமலையிலிருந்து திரும்பும்போது எதிரே வந்த ஒவ்வொரு வண்டியும் லைட்டை அடித்து அடித்துக் காட்டியது. நான் டிம்மில்தான் வந்துகொண்டிருந்தேன். ஒரு வளைவில் மொபெட்டில் வந்த பெரியவர் ஒருவர் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி, வண்டியை நிறுத்தி, முழங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. அந்தக் காட்சி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. வீட்டுக்கு வந்ததும் சுவரில் அடித்துப் பார்த்தேன். கோடே இல்லை. வெளிச்சம் வேப்பமரத்து உச்சி வரைக்கும் போயிருந்தது. மறுநாளே கழற்றிவிட்டேன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. இழை சுற்றிலும் ஒரே மாதிரி ஒளி விடும். எல்இடி சில்லுகள் தட்டையான இரண்டு பக்கங்களில் இருக்கும், அந்தப் பக்கங்களுக்கு மட்டும்தான் ஒளி போகும். அந்தச் சில்லு இழை இருந்த இடத்தில் துல்லியமாக உட்கார்ந்து, பல்பைத் திருப்பி மாட்டும் கோணமும் சரியாக இருந்தால் ஓரளவு கோடு வரும். மலிவான பல்புகளில் சில்லு பெரிது, இடம் தப்பு. இன்னொன்றும் உண்டு. அந்த வெள்ளை வெளிச்சத்தில் பெரும்பகுதி காருக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டருக்குள்ளேயே விழும். பக்கத்தில் ரொம்பப் பிரகாசமாக இருந்தால் நம் கண் அதற்குப் பழகிவிடும், தூரத்து இருட்டில் நிற்பது தெரியாமல் போகும். ஓட்டுகிறவருக்கு நன்றாகத் தெரிகிற மாதிரியே இருக்கும், ஆனால் மாடு குறுக்கே வரும்போதுதான் தெரியவில்லை என்பது புரியும். பெட்டியில் எத்தனை ஆயிரம் லூமன் எழுதியிருந்தாலும் அந்த எண்ணை வைத்து வாங்கக் கூடாது.

இன்னும் நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. எல்இடி பல்பின் பின்புறம் சூட்டை வெளியேற்ற ஃபேனோ உலோகத் துடுப்புகளோ இருக்கும். ரப்பர் மூடி அதன்மேல் உட்காராமல், சிலர் மூடியையே வெட்டிவிடுகிறார்கள். கொறங்காட்டு மண்புழுதியும் ஐப்பசி மழைத்தண்ணீரும் உள்ளே போய் ஒரே வருஷத்தில் ரிஃப்ளெக்டரைக் கெடுத்துவிடும். ஃபேனில் புழுதி அடைத்தால் பல்பும் போய்விடும்.

நல்ல எல்இடி இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஜெர்மனியில் 2020-இல் ஆஸ்ராமின் எச்7 (இன்னொரு பல்பு வகை) எல்இடி பல்புக்கு ரோட்டில் பயன்படுத்த அனுமதி கிடைத்தது, அடுத்த வருஷம் பிலிப்ஸுக்கும் கிடைத்தது. ஆனால் அதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். எல்லாக் காருக்கும் பொதுவாகக் கொடுக்கவில்லை. இந்த மாடல், இந்த ஹெட்லைட் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பட்டியல் போட்டுத்தான் அனுமதித்தார்கள். பல்பு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அந்த ஹெட்லைட்டோடு சேர்ந்து நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் அங்கேயும் கணக்கு. நம் ஊரில் புரொஜெக்டர் லென்ஸ் (ஹெட்லைட்டுக்குள் உருண்டையாகத் தெரியும் லென்ஸ்) உள்ள கார்களில் எல்இடி ஓரளவு ஒழுங்காக நடந்துகொள்ளும், ஏனென்றால் கோட்டை உருவாக்குவது உள்ளே இருக்கும் தடுப்புத் தகடு. அப்போதும் சுவரில் பார்க்காமல் ரோட்டில் இறக்கக் கூடாது.

ஹெச்ஐடி கிட், அதாவது இழைக்குப் பதில் வாயுவுக்குள் மின்பொறி எரியும் செனான் விளக்கு, இப்போது குறைந்துவிட்டது. அதை ரிஃப்ளெக்டரில் மாட்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஐரோப்பாவில் 2000 லூமனுக்கு மேற்பட்ட டிம் விளக்கு இருந்தால், பாரத்துக்கு ஏற்ப ஹெட்லைட் தானாக உயரம் மாற்றிக்கொள்ளவும் லென்ஸைக் கழுவிக்கொள்ளவும் ஏற்பாடு வேண்டும் என்று விதி வைத்ததற்குக் காரணமே இதன் கூச்சம்தான்.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில், முன்விளக்கின் ஒளி எதிரே வருகிறவர் கண்ணைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கி இருக்க வேண்டும், அல்லது ஓட்டுகிறவர் அப்படிக் கீழே இறக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்று 106-ஆம் விதி சொல்கிறது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் ஏற ஏற நீலம் கூடும். சாதாரண ஹாலஜன் 3200 கெல்வின் அளவில் மஞ்சள் சாயலோடு இருக்கும். எல்இடி பெரும்பாலும் 6000-க்கு மேல், நீலம் கலந்த வெள்ளை. ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கே பனிமூட்டம் இறங்கும் என்று சொல்ல முடியாது. மூட்டத்தில் எந்த வெளிச்சமும் திரும்பி நம் கண்ணுக்கே அடிக்கும், நீலம் கலந்த வெள்ளை என்றால் இன்னும் கூசும், முன்னால் ஒரு சுவர் நிற்கிற மாதிரி இருக்கும். நனைந்த தார் ரோட்டிலும் மஞ்சள் சாயல்தான் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. வயதானவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கூசிய கண் மறுபடி தெளிய அவர்களுக்கு அதிக நேரம் ஆகும்.

பல்பை விட்டு வெளியே

பெரியப்பா காரின் ஹெட்லைட்டைப் பகலில் உற்றுப் பார்த்தேன். லென்ஸ் மஞ்சளேறி, மோர் ஊற்றிய டம்ளர் மாதிரி இருந்தது. அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். மேலே பாதுகாப்புப் பூச்சு இருக்கும், வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டு அது அழிந்துவிடும். நம் ஊர் வெயிலில் களத்து மேட்டிலேயே நிற்கும் காருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த லென்ஸுக்குப் பின்னால் எந்தப் பல்பு போட்டாலும் பாதி வெளிச்சம் அதிலேயே சிதறிப் போய்விடும். சிதறியது எதிரே வருகிறவர் கண்ணுக்குத்தான் போகும்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் யூனிட்டையே மாற்றச் சொன்னது இதைப் பார்த்துத்தான். அது தப்பில்லை. லென்ஸின் உள்பக்கம் வெடித்திருந்தாலோ ரிஃப்ளெக்டர் கறுத்திருந்தாலோ வேறு வழியும் இல்லை. மேலே மட்டும் மஞ்சள் என்றால் உப்புத்தாளே போதும். சுற்றிலும் பெயின்ட் கெடாமல் டேப் ஒட்டிவிட்டு, தண்ணீர் விட்டுக்கொண்டே 1000, 2000, 3000 என்று நைசாகிக்கொண்டே போகும் தாள்களால் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். கடைசிப் படியை விட்டால் சில மாதத்தில் பழையபடி மஞ்சளாகிவிடும். பற்பசையால் தேய்ப்பதும் அப்படித்தான், கொஞ்ச நாள் பளிச்சென்று இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, வோல்ட்டேஜ். இதை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு ஒரே கணக்கில் ஏறி இறங்காது. வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் சடாரென்று குறைந்துவிடும். 13.5 வர வேண்டிய இடத்தில் 12.5 வந்தால் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். வண்டி ஸ்டார்ட்டில், லைட் எரியும்போது மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்து ஒரு முறை, ஹோல்டரில் வைத்து ஒரு முறை பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் எங்கோ வீணாகிறது. பெரும்பாலும் துருப்பிடித்த எர்த், இல்லாவிட்டால் தேய்ந்த சுவிட்ச். எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வது இலவசம். பேட்டரியிலிருந்து நேராக வயர் எடுத்து, ஃபியூஸ் போட்டு, ரிலே வழியாகக் கொடுக்கும் கிட்டும் கிடைக்கிறது. அதை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் போட்டுக்கொள்வதுதான் நல்லது. 100/90-க்காக இதைப் போடுகிறவர்கள், இதைப் போட்டுவிட்டு 60/55-ஐயே எரித்துப் பார்த்தால் 100/90 தேவையே இல்லை என்று தெரிந்துகொள்வார்கள்.

பெரியப்பா காரில் வித்தியாசம் ஒரு வோல்ட்டுக்குப் பக்கமாக இருந்தது. பழுப்பேறிய ஹோல்டரும் பச்சை படிந்த எர்த்தும்தான் காரணம்.

மாட்டியது

காலை எட்டு மணிக்கு, வண்டி ஆறியிருந்தபோது ஆரம்பித்தோம். பல்பு எரிந்து அணைந்த உடனே தொட்டால் கை வெந்துவிடும், அதனால் இருட்டில் அவசரமாக மாற்ற வேண்டி வந்தாலும் பத்து நிமிஷம் பொறுக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் கிளிப் எப்படி இருந்தது என்று பிறகு குழம்ப வேண்டாம்.

மூன்று முனை ஹோல்டரை ஆட்டி ஆட்டி நேராகப் பின்னால் இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிறகு ரப்பர் மூடி. அதற்குள் கம்பி ஸ்பிரிங் கிளிப் இருக்கும், உள்ளே அழுத்திப் பக்கவாட்டில் நகர்த்தினால் விடுபடும். பேட்டரி இருக்கிற பக்கம் கை நுழைவது கஷ்டம். அங்கே கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவிப் பார்ப்பதுதான் உதவும்.

புதுப் பல்பை உலோக அடிப்பாகத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். கண்ணாடியில் விரல் பட்டால் எண்ணெய்ப் பசை ஒட்டும், அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போகும். தெரியாமல் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டால் சரியாகிவிடும். அடிப்பாகத்தில் மூன்று காது இருக்கும், அதில் அகலமானது மேலே வர வேண்டும். சரியாக உட்கார்ந்தால் ஆடாது. பிறகு கிளிப், ரப்பர் மூடி, ஹோல்டர். மூடியிலும் மேல்பக்கம் எது என்று குறி போட்டிருக்கும். அது நன்றாக இறுகி உட்கார வேண்டும், இல்லையென்றால் மழைத்தண்ணீர் புகும்.

ஒரு பக்கம் போனால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஒன்றாக மாட்டிய பல்புகள் ஒன்றையடுத்து ஒன்று போகும், ஒன்றை மட்டும் மாற்றினால் வெளிச்சமும் ஒரே மாதிரி இருக்காது.

பொழுது இறங்கியதும் காரை மாட்டுக்கொட்டகைச் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி மட்டமான தரையில் நிறுத்தினோம். பெரியப்பாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன், டயரில் காற்றும் சரிபார்த்தாயிற்று. தரையிலிருந்து பல்பின் நடுப்பகுதி எவ்வளவு உயரம் என்று அளந்து சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு போட்டேன். டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும். 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறக்கம் என்றால், 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்கு 65 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். சில கார்களில் ஹெட்லைட் பக்கத்திலேயே எத்தனை சதவீத இறக்கம் என்று பொறித்திருக்கும், இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

அந்த 65 மீட்டரை வேகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் பார்த்து, யோசித்து, பிரேக் பிடித்து நிற்க சுமார் 45 மீட்டர் ஆகும். 80-இல் கிட்டத்தட்ட 70 மீட்டர். அதாவது டிம்மில் 80-இல் போனால், வெளிச்சத்தில் ஒரு மயிலோ பின்விளக்கு இல்லாத டிராக்டரோ தெரிகிற இடத்துக்கு முன்னால் நம்மால் நிற்க முடியாது. "அப்போ அறுபதுலயே போலாங் கண்ணு" என்றார் பெரியப்பா.

வலது விளக்கு கோட்டுக்கு மேலே நின்றது. திருகாணியைத் திருப்புவதற்கு முன் லைட்டை அணைத்து ஆறவிட்டு, பல்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஒரு காது முழுசாக உட்காரவில்லை. மறுபடி கழற்றி மாட்டியதும் தானாகவே கோட்டுக்கு இறங்கிவிட்டது. இடது பக்கத்துக்குத் திருகாணியில் இரண்டு சுற்றுப் போதுமாக இருந்தது. பின்சீட்டில் தீவன மூட்டை ஏற்றினால் முன்பக்கம் தூக்கும், விளக்கும் மேலே போகும். உள்ளே உயரம் மாற்றும் குமிழ் இருக்கிற கார்களில் அப்போது அதைத் திருப்பி இறக்கிக்கொள்ளலாம், பாரம் இறங்கியதும் பழையபடி வைத்துவிட வேண்டும்.

ஹோல்டரையும் எர்த்தையும் அடுத்த வாரம் எலக்ட்ரீஷியனே மாற்றிக் கொடுத்தார். லென்ஸை நானும் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேய்த்து முடித்தோம். பழைய பல்புகளில் எரிகிற ஒன்றைப் புதுப் பல்பு வந்த பெட்டியிலேயே வைத்து, டேஷ்போர்டில் ஒரு துணிக்குள் சுற்றி வைத்திருக்கிறார் பெரியப்பா.